டிஸ்க் பாகப்பிரிவினை: யுனிக்ஸ் சர்வர்களில் இடம் பிரித்த வரலாறு

பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் யுனிக்ஸ் சர்வரை நிறுவும்போது, டிஸ்கை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் அட்மின் முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ரூட்டுக்கு எவ்வளவு, ஸ்வாப்புக்கு எவ்வளவு, பயனாளர்களின் கோப்புகளுக்கு எவ்வளவு, மெயிலுக்கும் லாகுக்கும் எவ்வளவு என்று ஒருமுறை கோடு போட்டு ஃபைல் சிஸ்டம்களை உருவாக்கிவிட்டால், பிறகு ஒரு கோட்டை நகர்த்துவதற்கு எல்லாவற்றையும் டேப்பில் எடுத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். கணினிப் பாடப்புத்தகங்களில் வரும் ரூட், ஸ்வாப், /யூஎஸ்ஆர், /வார், /டெம்ப், /ஹோம் என்ற வரிசையை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு காலத்தின் தட்டுப்பாடு இருக்கிறது.

யுனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் பிடிபி-7 இயந்திரத்தில் பிறந்தது. பிறகு பிடிபி-11-க்கு மாறியபோது அதற்கு வாய்த்தவை இரண்டு வகை டிஸ்க்குகள். ஒன்று, ஒவ்வொரு தடத்துக்கும் தனித் தலை பொருத்திய சிறிய, வேகமான டிஸ்க். மொத்தக் கொள்ளளவே அரை எம்பிதான். மற்றொன்று கழற்றி மாற்றக்கூடிய ஆர்கே வகை, ஏறத்தாழ 2.5 எம்பி பிடிக்கும், ஆனால் தலை நகர்ந்து நகர்ந்து படிப்பதால் மெதுவானது. சிஸ்டமும் அடிக்கடி ஓடும் கட்டளைகளும் வேகமான டிஸ்கிலும், மனிதர்களின் கோப்புகள் பெரிய டிஸ்கிலும் வைக்கப்பட்டன. பெரிய டிஸ்க் /யூஎஸ்ஆர் என்ற டைரக்டரியில் மவுண்ட் செய்யப்பட்டது. கென் தாம்சனின் கோப்புகள் /யூஎஸ்ஆர்/கென் என்ற டைரக்டரியிலும், டென்னிஸ் ரிட்சியின் கோப்புகள் /யூஎஸ்ஆர்/டிஎம்ஆர் என்ற டைரக்டரியிலும் இருந்தன.

கட்டளைகள் பெருகிச் சிறிய டிஸ்கில் இடம் போதாமல் போனதும், மிஞ்சியவை பயனாளர் டிஸ்குக்குத் தள்ளப்பட்டன. /பின் இருக்கும்போதே /யூஎஸ்ஆர்/பின் என்று இன்னொன்றும், /லிப் இருக்கும்போதே /யூஎஸ்ஆர்/லிப் என்று இன்னொன்றும் தோன்றியது இப்படித்தான். இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: இரண்டாவது டிஸ்கை மவுண்ட் செய்யும் கட்டளை முதல் டிஸ்கிலேயே இருக்க வேண்டும். எது ரூட்டில் இருக்கலாம், எது வெளியே போகலாம் என்று பின்னாளில் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விதிகளுக்கெல்லாம் இந்த நிபந்தனைதான் வித்து.

ரிட்சியும் தாம்சனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆய்வுக்கூடத்தின் பிடிபி-11/45 இயந்திரம் விவரிக்கப்பட்டிருக்கிறது. 1 எம்பி நிலைத்தலை டிஸ்க் ஒன்று, தலா 2.5 எம்பி பிடிக்கும் கழற்றி மாற்றும் டிஸ்க்குகள் நான்கு, 40 எம்பி டிஸ்க் ஒன்று. ரூட் நிலைத்தலை டிஸ்கில் இருந்தது. பயனாளர் கோப்புகள் கொண்ட பெரிய டிஸ்கை, சிஸ்டம் எழும்போதே மவுண்ட் செய்துகொள்ளும். நான்கு சிறிய டிஸ்க்குகளிலும் பயனாளர்கள் தங்கள் சொந்த டிஸ்கை மாட்டிக்கொள்ளலாம். ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் உள்ள கோப்புக்கு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், போட முடியாது என்ற விதியும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஒருவர் தன் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் அந்தரத்தில் நிற்கும் லிங்குகளைத் தேடித் துடைக்கும் கணக்கு வழக்கைத் தவிர்க்கவே அப்படிச் செய்தார்கள். எளிமைக்காகப் போட்ட இந்த விதி, பின்னாளில் பாதுகாப்புச் சுவராகவும் பயன்பட்டது.

அதுவரை ஒரு டிஸ்க் என்றால் ஒரு ஃபைல் சிஸ்டம். அந்த நிலை மாறியதை 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் தெளிவாகப் பார்க்கலாம். அந்தப் பதிப்பு பரவலாக ஓடிய ஆர்கே05 டிஸ்கில், 512 பைட் அளவுள்ள பிளாக்குகள் 4,872 இருந்தன. அவற்றில் முதல் 4,000 பிளாக்குகள் ஃபைல் சிஸ்டத்துக்கு, கடைசி 872 பிளாக்குகள் ஸ்வாப்புக்கு. இந்தப் பிரிவு டிஸ்கில் எங்கும் எழுதப்படவில்லை. கர்னலோடு சேர்த்துக் கம்பைல் செய்யப்படும் ஒரு சிறிய சி கோப்பில், ஸ்வாப் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. ஃபைல் சிஸ்டத்தை 4,000-க்கு மேல் ஒரு பிளாக் பெரிதாக உருவாக்கினாலும், நெரிசல் நேரத்தில் நினைவகத்திலிருந்து வெளியே தள்ளப்படும் புரோக்ராம் ஏதோ ஒரு கோப்பின்மேல் எழுதிவிடும், தடுக்க யாருமில்லை. 872 பிளாக் என்பது 436 கேபி. ஒரு புரோக்ராம் அதிகபட்சம் 64 கேபி என்றால், அப்படி முழு அளவுள்ளவை ஆறுக்கு மேல் அதில் நிற்காது.

பெரிய டிஸ்கைப் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயத்தைத் தந்தது ஓர் எண்ணின் அளவு. ஆறாம் பதிப்பின் ஃபைல் சிஸ்டம் பிளாக்கின் எண்ணை 16 பிட்டில் வைத்திருந்தது. 65,535-க்கு மேல் எண்ண முடியாது; அதாவது ஒரு ஃபைல் சிஸ்டம் 32 எம்பியைத் தாண்ட முடியாது. ஆனால் ஆர்பி03 என்ற டிஸ்கில் 81,200 பிளாக்குகள் இருந்தன. அதனால் டிஸ்கின் டிரைவருக்குள் ஓர் அட்டவணை வைத்து, ஒரே டிஸ்கைப் பல டிஸ்க்குகளாகக் காட்டினார்கள்.

அந்த அட்டவணையைச் சற்று நின்று பார்க்கலாம். 0-ஆம் பகுதி தொடக்கத்திலிருந்து 40,600 பிளாக், 1-ஆம் பகுதி மீதி 40,600, இரண்டும் சரிபாதி. 2-ஆம் பகுதி டிஸ்கின் தொடக்கத்தில் 9,200 பிளாக், 3-ஆம் பகுதி கடைசியில் 9,200 பிளாக். 4-ஆம் பகுதி தொடக்கத்திலிருந்து 65,535 பிளாக். 5-ஆம் பகுதி 15,600-இல் தொடங்கி 65,535 பிளாக். பாதி பாதியாக வேண்டுமென்றால் 0, 1. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வேண்டுமென்றால் 4, 3 அல்லது 2, 5. இந்தப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. 0-இல் ஒரு ஃபைல் சிஸ்டத்தையும் 4-இல் இன்னொன்றையும் ஒருவர் உருவாக்கினால், இரண்டும் ஒரே பிளாக்குகளை மாறி மாறி அழித்துக்கொள்ளும். எல்லாப் பகுதிகளையும் ஒரே இயந்திரத்தில் வைத்திருப்பது நல்லதல்ல என்று கையேடு எச்சரித்தது, கர்னல் எச்சரிக்காது. 4-ஐயும் 3-ஐயும் சேர்த்து எடுத்தால் நடுவில் 6,465 பிளாக் இரண்டிலும் சேராமல் நின்றது. ஒரு முழு ஆர்கே05 டிஸ்கைவிட அது பெரிய இடம். டிஸ்க் தங்கத்தின் விலை விற்ற காலத்தில் இப்படி ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அந்த அட்டவணை எவ்வளவு இறுக்கமானது என்பதைக் காட்டுகிறது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு பிளாக் எண்ணை 24 பிட்டாக்கியது. 32 எம்பி வரம்பு போய், 8 ஜிபி வரை கதவு திறந்தது. பிரிக்க வேண்டிய கணிதக் காரணம் அன்றோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் பார்ட்டிஷன்கள் எனப்படும் இந்தப் பகுதிகள் மறையவில்லை. அதற்குள் வேறு காரணங்கள் வேரூன்றியிருந்தன.

அவற்றில் முதன்மையானது பழுது. மின்சாரம் போனாலோ கர்னல் விழுந்தாலோ, பாதியில் நின்ற எழுத்துகளால் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு முரண்படும். ஒரே பிளாக் இரண்டு கோப்புகளுக்குச் சொந்தமாக நிற்கும், காலி என்று பதிந்த பிளாக்கில் கோப்பு இருக்கும். ஆரம்பத்தில் ஐசெக், டிசெக் போன்ற தனித்தனிக் கட்டளைகளை ஓட்டி அட்மின் கையால் சரிசெய்தார். டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே அந்த வேலையை ஒன்றாக்கியது. பிடிபி-11-இன் சிறிய நினைவகத்தில் பெரிய ஃபைல் சிஸ்டத்தின் முழு வரைபடமும் அடங்காது. அப்போது அது தற்காலிகக் கோப்பு ஒன்றைக் கேட்கும். சோதனைக்கு உட்படும் ஃபைல் சிஸ்டத்திலேயே அந்தக் கோப்பை வைக்கக் கூடாது. எனவே இயந்திரத்தில் குறைந்தது இரண்டு ஃபைல் சிஸ்டங்களாவது இருந்தால்தான் பழுதுபார்க்கவே வழி. ரூட்டைச் சிறிதாகவும் அமைதியாகவும் வைத்திருக்க வேண்டும் என்ற பழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். குறைவாக எழுதப்படும் ஃபைல் சிஸ்டம் விழும்போது குறைவாகவே சேதமடையும். அது எழுந்துவிட்டால் மற்றவற்றை எழுப்பிவிடலாம். பின்னர் ஃபைல் சிஸ்டங்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு சோதனை வரிசை எண் கொடுக்கப்பட்டது. ரூட் முதலில் தனியாக. அதன்பின் வெவ்வேறு டிஸ்க்குகளில் உள்ளவை ஒரே நேரத்தில். பெரிய ஃபைல் சிஸ்டம் ஒன்றைவிட, பல டிஸ்க்குகளில் பரவிய நடுத்தர ஃபைல் சிஸ்டங்கள் சீக்கிரம் சோதித்து முடிந்தன. காலையில் மின்சாரம் வந்து, டெர்மினல் முன்னால் எல்லோரும் காத்திருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

அடுத்தது டேப். 2,400 அடி நீளமுள்ள ஒரு சுருளில், அங்குலத்துக்கு 1,600 பைட் என்ற அடர்த்தியில், சுமார் 40 எம்பி எழுதலாம். டம்ப் கட்டளை ஃபைல் சிஸ்டத்தை அலகாகக் கொண்டது. 0-ஆம் நிலை என்றால் முழுவதும், 1 முதல் 9 வரை என்றால் அதற்குக் கீழான நிலையில் கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும். பயனாளர் பார்ட்டிஷன் ஒரு சுருளில் அடங்கினால் இரவில் டேப்பை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு சுருள் என்றால் மாற்றுவதற்கு ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். அட்மின்கள் பார்ட்டிஷன் அளவை டேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அரிதாக மாறும் சிஸ்டம் கோப்புகளையும் தினமும் மாறும் மனிதர்களின் கோப்புகளையும் பிரித்து வைத்தால், ஒன்றுக்கு எப்போதாவது ஒரு டேப்பும் மற்றதற்கு இரவுதோறும் ஒரு டேப்பும் போதும்.

பார்ட்டிஷன்களுக்கு எழுத்துப் பெயர்களை நிலைநிறுத்தியது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1979 கடைசியில் வந்த 3பிஎஸ்டி, வாக்ஸ் இயந்திரத்தில் மெய்நிகர் நினைவகத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்த பெர்க்லி சிஸ்டங்களில் ஒரு டிஸ்க் ஏ முதல் எச் வரை எட்டுப் பகுதிகளாகத் தெரிந்தது. ஏ ரூட்டுக்கு, பி ஸ்வாப்புக்கு, சி என்பது முழு டிஸ்க். டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுக்க சி பயன்பட்டது. பலவகை டிஸ்க்குகளில் ஏ 15,884 செக்டர், பி 33,440 செக்டர் என்று ஒரே அளவாக இருந்தன. அதாவது சுமார் 8 எம்பி, 17 எம்பி. பிற்காலத்தில் சன் இயந்திரங்களிலும் இந்த எழுத்துகள் தொடர்ந்தன.

பழைய குறை ஒன்று மட்டும் தீரவில்லை. அட்டவணை இன்னும் டிரைவருக்குள்தான் இருந்தது. எல்லையை மாற்ற வேண்டுமென்றால் கர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஒரு கர்னலின் கணக்குப்படி எழுதிய டிஸ்கை வேறு கணக்குள்ள கர்னலில் மாட்டினால் கோப்புகள் கண்ணுக்கே தெரியாது. 1988-இல் வந்த 4.3பிஎஸ்டி-டாஹோ இதை மாற்றியது. பிரிவுக் கணக்கு அந்தந்த டிஸ்கின் தொடக்கத்திலேயே டிஸ்க் லேபிளாக எழுதப்பட்டது. அட்மின் தன் இயந்திரத்தின் தேவைக்கேற்ப எல்லை போடுவது அப்போதுதான் கர்னலைத் தொடாமல் செய்யும் காரியமாயிற்று.

இடைப்பட்ட காலத்தில், 1983-இல், 4.2பிஎஸ்டி ஒரு புதிய ஃபைல் சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. மக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை அதை விளக்குகிறது. பழையது டிஸ்கின் வேகத்தில் 2 முதல் 4 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்தியது. புதியது 47 சதவீதம் வரை எட்டியது. டிஸ்கைச் சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, ஒரு கோப்பின் விவரமும் அதன் உள்ளடக்கமும் அருகருகே இருக்கும்படி செய்ததே இதன் சூட்சுமம். அது சரியாக வேலை செய்ய எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். அதற்காக 10 சதவீதம் ஒதுக்கிவைக்கப்பட்டது. சாதாரணப் பயனாளருக்கு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லும் நிலையிலும் ரூட் பயனாளர் எழுத முடியும். அவர் எழுதி எழுதி அதையும் நிரப்பினால், ஒதுக்கியது போக மீதியையே நூறாகக் கணக்கிடும் டிஎஃப் கட்டளை 111 சதவீதம் என்று காட்டும்.

இந்தப் புதிய ஃபைல் சிஸ்டம் திட்டமிடுதலில் இன்னொரு கணக்கையும் சேர்த்தது. உருவாக்கும்போதே ஐநோடுகளின், அதாவது கோப்புக்கு ஒன்றாக அதன் விவரத்தை வைக்கும் பதிவுகளின், எண்ணிக்கை முடிவாகிவிடும். வழக்கமான கணக்கு 2,048 பைட்டுக்கு ஒன்று. பெரும்பாலான பார்ட்டிஷன்களுக்கு இது தாராளம். யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் செய்திகளைத் தேக்கிவைத்த சர்வர்களில் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்தது. அங்கே ஒவ்வொரு செய்தியும் ஒரு தனிக் கோப்பு. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் நாள்தோறும் வந்து விழும். இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோய், புதிய கோப்பு எதையும் உருவாக்க முடியாமல் போகும். அதே பார்ட்டிஷனில் மெயிலும் இருந்தால் மெயிலும் நிற்கும். அதனால் செய்திக்கு மட்டும் ஒரு பார்ட்டிஷன், அதற்கென்று அதிக ஐநோடுகள் என்று ஒதுக்குவது வழக்கமாயிற்று. யாருக்கோ பொழுதுபோக்கான ஒன்று எல்லோருக்கும் தேவையான ஒன்றை முடக்கக் கூடாது என்ற நியாயம் இதற்குள் இருக்கிறது. பல பயனாளர் சர்வரின் பிரிவினையில் இதைவிட முக்கியமான நியாயம் வேறில்லை.

மாணவர்கள் நிறைந்த பல்கலைக்கழக இயந்திரங்களில் இது இன்னும் கூர்மையானது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் எழுதிய கோட்டா வசதி 4.2பிஎஸ்டியில் இடம்பெற்றது. ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு மென்வரம்பு, ஒரு கடுவரம்பு. மென்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கையும் தவணையும் உண்டு. கடுவரம்பைத் தாண்டவே முடியாது. கோட்டாவும் ஃபைல் சிஸ்டம் வாரியாகத்தான் இயங்கியது. எனவே மாணவர்களின் கோப்புகள் தனி பார்ட்டிஷனில் இருந்தால்தான் அவர்களுக்கு மட்டும் வரம்பு போட முடியும். /டெம்ப் தனியாக வைக்கப்பட்டதற்கும் இதே காரணம்: அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு மாணவரின் முடிவில்லாத லூப் /டெம்ப்பை நிரப்பினால் கம்பைலர்கள் நிற்கும். அது ரூட்டோடு சேர்ந்திருந்தால் இயந்திரமே தடுமாறும்.

ஸ்வாப் நினைவகத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்ற வாய்ப்பாடும் இந்தக் காலத்தது. பெர்க்லி கர்னல் ஒரு புரோக்ராமுக்குத் தேவையான ஸ்வாப் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியது. அது பயன்படுமா என்று பார்ப்பதில்லை. ஸ்வாப் சிறிதாக இருந்தால், நினைவகம் காலியாக இருந்தாலும் புதிய புரோக்ராம் தொடங்காது. கர்னல் விழும்போது நினைவகத்தின் உள்ளடக்கத்தை ஸ்வாப் பகுதியில்தான் கொட்டும் என்பதால், அது நினைவகத்தைவிடச் சிறிதாக இருக்கவும் கூடாது. ஒதுக்கும் முறை பிற்காலத்தில் மாறியது. இரண்டு மடங்கு என்ற வாய்ப்பாடு மட்டும் கையேடுகளில் நெடுங்காலம் தங்கிவிட்டது.

/வார் தோன்றியதற்குக் காரணம் நெட்வொர்க். சன் நிறுவனம் 1980-களின் நடுவில், நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபின், சொந்த டிஸ்க் இல்லாத பணிநிலையங்கள் பல, ஒரே சர்வரின் /யூஎஸ்ஆர் டைரக்டரியைப் பகிர்ந்துகொண்டன. பத்து இயந்திரங்கள் பகிரும் ஒன்றில் யாரும் எழுதாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் மெயில், அச்சு வரிசை, லாக் எல்லாம் /யூஎஸ்ஆர்/ஸ்பூல், /யூஎஸ்ஆர்/அட்ம் என்று அதற்குள்தான் வளர்ந்துகொண்டிருந்தன. 1988-இல் வந்த சன்ஓஎஸ் 4.0 மாறுபவற்றையெல்லாம் /வார் என்ற புதிய இடத்துக்குப் பெயர்த்தது, பயனாளர்களுக்கு /ஹோம். சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடும், 1990-இன் 4.3பிஎஸ்டி-ரீனோவும் அதே வழியில் சென்றன. மனிதர்களுக்காகத் தொடங்கிய /யூஎஸ்ஆரில் அதன்பின் மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை. லினக்ஸ் உலகில் 1994-இல் வந்த கோப்பமைப்புத் தரமும் அதன் வழிவந்த எஃப்எச்எஸ்ஸும் இந்த ஏற்பாட்டை விதியாக எழுதிவைத்தன.

லிங்க் எல்லை தாண்டாது என்ற பழைய விதி பாதுகாப்புக்குக் கைகொடுத்ததும் பல பயனாளர் சர்வர்களில்தான். யார் ஓட்டினாலும் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் செட்யுஐடி உரிமை கொண்ட ஒரு கட்டளையில் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இருக்கும் ஃபைல் சிஸ்டத்திலேயே பயனாளரின் டைரக்டரியும் இருந்தால், அவர் அதற்கு ஒரு லிங்க் போட்டு வைத்துக்கொள்ளலாம். அட்மின் பழைய கட்டளையை நீக்கிப் புதியதை நிறுவினாலும், ஓட்டையுள்ள பிரதி அந்த லிங்கில் உயிரோடு இருக்கும். /ஹோமும் /டெம்ப்பும் தனி பார்ட்டிஷன் என்றால் இது நடக்காது. அந்த பார்ட்டிஷன்களை நோசூயிட், நோடெவ் என்ற நிபந்தனைகளோடு மவுண்ட் செய்தால், அங்கே கொண்டுவந்து வைக்கும் செட்யுஐடி கோப்புக்கும் சாதனக் கோப்புக்கும் மதிப்பில்லை.

பர்சனல் கம்ப்யூட்டரின் டிஸ்க்குகள் வேறொரு மரபிலிருந்து வந்தன. 1983-இல் பிசி டாஸ் 2.0 கொண்டுவந்த அட்டவணையில் நான்கே இடங்கள், ஒவ்வொன்றும் 16 பைட். யுனிக்ஸ் இந்த இயந்திரங்களுக்கு வந்தபோது, நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குள் தன் எழுத்துப் பகுதிகளை அமைத்தது. பிஎஸ்டி வழியினர் வெளிப்பகுதியை ஸ்லைஸ் என்றார்கள். பழைய பயோஸ்கள் 1,024-ஆம் சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாததால், கர்னலை மட்டும் வைக்கும் சிறிய /பூட் பார்ட்டிஷன் டிஸ்கின் தொடக்கத்தில் போடப்பட்டது. 2 டிபி என்ற வரம்பு வந்து இடித்தபோது, வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் தரும் ஜிபிடி அதன் இடத்தைப் பிடித்தது.

எல்லையை நகர்த்த முடியாது என்ற ஆதித் துன்பத்துக்கு 1990-இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 3 விடை தந்தது. டிஸ்கைச் சிறு சிறு சம துண்டுகளாக வெட்டி, அவற்றைச் சேர்த்து லாஜிக்கல் வால்யூம் ஆக்கியது. இடம் போதவில்லையென்றால், வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னும் சில துண்டுகளைச் சேர்க்கலாம். அதன் ஃபைல் சிஸ்டம் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதால், விழுந்து எழுந்தபின் நெடுஞ்சோதனையும் தேவையற்றதாயிற்று. லினக்ஸில் எல்விஎம் 1990-களின் கடைசியில் வந்தது. 2001-இல் ஈஎக்ஸ்டி3 அதே குறிப்பேட்டு வசதியை ஜர்னல் என்ற பெயரில் தந்தது. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் ஆகியோர் தொடங்கி 2005-இல் ஓப்பன்சோலாரிஸில் வெளியான இசட்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. டிஸ்க்குகள் எல்லாம் ஒரே தொகுப்பு. அதற்குள் எத்தனை ஃபைல் சிஸ்டம் வேண்டுமானாலும் உருவாக்கலாம். இவ்வளவுக்கு மேல் போகாதே என்று ஒன்றுக்கும், இவ்வளவு உனக்கு உறுதி என்று இன்னொன்றுக்கும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், மாற்றலாம். ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு ஃபைல் சிஸ்டம் என்பது இயல்பான ஏற்பாடாயிற்று.

தட்டுப்பாட்டால் வந்த எல்லைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. /பின்னையும் /யூஎஸ்ஆர்/பின்னையும் பிரித்துவைக்கக் காரணமில்லை என்று 2012-இல் ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. மற்ற லினக்ஸ் வழங்கல்கள் பல பின்தொடர்ந்தன. ஆட்களை முன்னிட்டு வந்த எல்லைகள் தங்கிவிட்டன. டெபியனின் நிறுவல் நிரல் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில், /ஹோம் தனியாக, /ஹோம், /வார், /டெம்ப் மூன்றும் தனித்தனியாக என்று தெரிவுகளை முன்வைத்தது. சிஐஎஸ் பாதுகாப்பு அளவுகோல்கள் /டெம்ப், /வார், /வார்/லாக், /ஹோம் ஆகியவற்றோடு தணிக்கைப் பதிவுக்கான /வார்/லாக்/ஆடிட் டைரக்டரியையும் தனியாகப் பிரிக்கச் சொல்கின்றன. தணிக்கைப் பதிவு எழுத இடமில்லாமல் போனால் இயந்திரத்தையே நிறுத்திவிடும்படி லினக்ஸின் ஆடிட் சேவையை அமைக்கலாம். அப்படி அமைத்த சர்வரில் அந்த இடம் பொதுவாக இருந்தால், சாதாரணப் பயனாளர் ஒருவர் வெறும் கோப்பு ஒன்றை எழுதியே அதை நிறுத்திவிட முடியும்.